அறுவடை முடிந்து தண்ணீர் வரும்வரை: டெல்டாவின் கீற்றுக் கொட்டகைகள்

ஊர் ஊராகப் பெயர்ந்து போன சினிமாக் கொட்டகையான டூரிங் டாக்கீஸைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை ஏராளம். மணலைக் குவித்து உட்கார்ந்தது, முறுக்கு விற்ற பையன், நடுவில் அறுந்த படம், விசில். இந்த நாலும் எல்லாவற்றிலும் வந்துவிடும். ஏன் மணல், ஒரு படத்துக்கு ஏன் மூன்று இடைவேளை, பகல் ஆட்டம் ஏன் கிடையாது, தரை டிக்கெட்டுக்குப் பின்னால் பெஞ்சு ஏன் வந்தது என்று கேட்டால்தான் பதில் குறைவு. 'அந்தக் காலத்து எளிமை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எளிமையெல்லாம் இல்லை. கொட்டகைக்காரர் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தார். காவிரி டெல்டாவில் அந்தக் கணக்கில் பாதியை ஆற்றுத் தண்ணீர் போட்டது. மீதியைக் கார்பன் குச்சியும் கலெக்டர் ஆபீஸும் போட்டன.

தொழில் தொடங்கியதே டெல்டாவின் தலைவாசலில்தான். 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படம் அந்தச் சுருள்களில் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகு அவர் பெயர் கோவையோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் கூடாரம் போட்டு, காட்டி, பிரித்து, அடுத்த ஊருக்குப் போவது என்ற முறை புறப்பட்ட இடம் திருச்சி. அங்கிருந்து கிழக்கே போகத் தடையில்லை. நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் 1860களின் தொடக்கத்திலேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பிறகு கும்பகோணம், மாயவரம் வழியாக இன்னொரு பாதையும் வந்தது. படப்பெட்டியும் இயந்திரமும் ரயிலில் வந்து இறங்கும். ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி.

மௌனப் படக் காலத்தில் சாமான் கொஞ்சம்தான். கையால் சுற்றும் புரொஜக்டர், ஒரு விளக்கு, ஒரு துணி. மின்சாரம் இல்லாத ஊரில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியில் பாய்ச்சிக்கூட ஒளி உண்டாக்கலாம். சுற்றுகிறவர் கை சோர்ந்தால் திரையில் நடப்பவர் மெதுவாக நடப்பார், அவ்வளவுதான். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்த வசதியை ஒழித்தது பேசும் படம். முதல் தமிழ்ப் பேசும்படம் சென்னையில் 1931 அக்டோபர் 31ஆம் தேதி திரைக்கு வந்தது. ஒலி வந்த பிறகு படம் நொடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி என்ற ஒரே வேகத்தில் ஓடியாக வேண்டும். வேகம் தளர்ந்தால் பாகவதர் குரல் கரகரத்துக் கீழே இறங்கும், கூடினால் கீச்சென்று மேலே ஏறும். கைச்சுற்று போய் மோட்டார் வந்தது. மோட்டாருக்கும், ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பிளிஃபயருக்கும், ஆர்க் விளக்குக்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும். அப்படி வந்ததுதான் ஆயில் இன்ஜின். இரண்டு வண்டியில் போன தொழிலுக்கு அதன்பின் ஏழெட்டு வண்டி தேவைப்பட்டது. ஒரு ஊரில் நாலு நாள் போட்டுக் கிளம்பியவர்கள் மாதக்கணக்கில் தங்கத் தொடங்கியதற்கும் இந்தச் சுமையே முக்கியக் காரணம்.

எப்போது தங்குவது என்பதைக் காவிரிதான் சொல்லும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12இல் திறப்பது, ஜனவரி 28இல் மூடுவது என்பது டெல்டாவின் நாட்காட்டி. மழை பொய்த்த ஆண்டுகளில் தேதி தள்ளிப் போகும். சம்பா, தாளடி நெல் அறுவடை தை, மாசியில் முடியும். கையில் காசும் களத்தில் நெல்லும் இருக்கும். வாய்க்கால் வற்றிவிடுவதால் மாட்டு வண்டி குறுக்கே இறங்கி ஏறிப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கத்தை ஊற வைத்துவிடும். ஆகவே தை கடைசியிலிருந்து புரட்டாசி வரை கொட்டகைக்கு நல்ல காலம். அதிலும் தண்ணீர் வருவதற்கு முந்திய நாலு மாதம்தான் உச்சம்.

அறுத்த வயலிலேயே கொட்டகை போட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். டெல்டாவைத் தெரிந்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல் போன இடத்தில் பங்குனி, சித்திரை வரை பயறு நிற்கும். வயல் காலியாக இருக்கவே இருக்காது. கொட்டகைக்கு ஏற்ற இடம் ஊர்த் திடல், தோப்பு ஓரம், களத்துமேடு, பஸ் நிற்கும் சாலையை ஒட்டிய மேட்டு மனை. மேடு முக்கியம். டெல்டா தட்டையான பூமி. ஆடி மாதம் வாய்க்காலில் தண்ணீர் ஏறினால் பள்ளத்தில் இருக்கும் கொட்டகைத் தரை தானாகவே நசநசத்துப் போகும். மழை ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

கட்டுமானச் சாமான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. ஆற்றுப் படுகையில் மூங்கில், கடலோர மணலில் சவுக்கு, எங்கும் பனையும் தென்னையும். கால்களைக் களிமண்ணில் மூன்றடி ஆழம் நடுவார்கள். காய்ந்த களிமண் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் விட்டுவிடும். ஆகவே மழைத் தண்ணீர் கால் மூட்டில் தேங்காமல் சுற்றி மண் அணைக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் பகுதியைத் தீயில் கருக்கியோ தார் பூசியோ நட்டால் கரையான் ஏறுவது தாமதப்படும். நடுவில் கால் ஊன்ற முடியாது, ஒளி போகும் பாதை அது. இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் நட்டு, நடுப்பகுதியைப் பனஞ்சட்டத்தால் தாண்ட வேண்டும். இந்தச் சட்டம் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவுதான் திரையின் அகலம். கீற்று வேய்ந்த கூரை டெல்டா மழையில் இரண்டு ஆண்டு தாங்கினால் அதிகம். ஒவ்வொரு கீற்றும் கீழே உள்ளதின் மேல் ஒரு சாணாவது ஏறி உட்கார வேண்டும். கஞ்சத்தனம் பண்ணி இடைவெளி விட்டால் முதல் கோடை மழையிலேயே பெஞ்சு டிக்கெட்காரர் குடை விரிப்பார்.

தரையில் கொட்டிய ஆற்று மணலைக் காசில்லாதவன் ஏற்பாடு என்று நினைக்கக் கூடாது. களிமண் தரை காய்ந்தால் பிளந்து புழுதி கிளம்பும். புழுதி புரொஜக்டருக்குள் போனால் படம் கீறும். நனைந்தால் வழுக்கும். ஆற்று மணல் இரண்டையும் அடக்குகிறது. வெற்றிலை எச்சிலையும் குழந்தைகளின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் ஒரு தடவை வாரிச் சலித்தால் போதும். தீப்பிடித்தால் அள்ளி வீசவும் அதே மணல்.

இருக்கை வரிசையில் ஒரு புத்திசாலித்தனம் ஒளிந்திருக்கிறது. கட்டடத் தியேட்டரில் தரையைச் சரிவாகக் கட்டி, பின்னால் இருப்பவருக்கு முன்னவர் தலை மறைக்காமல் செய்வார்கள். டெல்டாவில் சரிவுக்காகத் தோண்ட முடியாது. பாசனக் காலத்தில் மூன்றடி தோண்டினால் பல இடங்களில் தண்ணீர் பார்க்கலாம். ஆகவே சரிவை மனிதர்களை வைத்தே உண்டாக்கினார்கள். முன்னால் சம்மணம் போட்டவர் தலை இரண்டரை அடி உயரத்தில். அடுத்து பெஞ்சுக்காரர், நாலடி. அதற்கும் பின்னால் செங்கல் மேடை போட்டு நாற்காலி, ஐந்தடிக்கு மேல். தரை, பெஞ்சு, சேர் என்ற வரிசை பணத்தின் வரிசை மட்டுமல்லாமல் பார்வைக் கோட்டின் வரிசையும்கூட. தரையில் ஒருவன் மணலைக் குவித்து உயர்ந்துகொண்டால் பின்னால் இருக்கிறவன் அதைவிடப் பெரிதாகக் குவித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சண்டை வருவது அங்கேதான். கூலியை நெல்லாக வாங்கிய பண்ணையாட்கள் நிறைந்த ஜில்லாவில், எங்கே உட்காருவது என்பதை டிக்கெட் காசு தீர்மானித்த இடம் இது. பேருந்து, ரயிலைத் தவிர வேறு எங்கும் அப்படி இருந்ததாகச் சொல்ல முடியாது. அதற்காகக் கொட்டகை வாசலில் சாதி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது என்று சொல்வதும் மிகை. ஆணையும் பெண்ணையும் பிரித்த இடுப்புயரத் தடுப்பு கடைசிவரை நின்றது.

பகல் ஆட்டம் ஏன் இல்லை? பக்கங்கள் திறந்த கீற்றுத் தட்டி. நாகப்பட்டினம் பக்கம் ஜூன் மாதம் சூரியன் மறைய மாலை 6.35 ஆகும். முழுக்க இருட்ட இன்னும் இருபது நிமிடம். அதற்குமுன் திரையில் போடும் படம் வெளிறிப்போகும். ஆக முதல் ஆட்டம் ஏழு மணி, இரண்டாம் ஆட்டம் பத்தரைக்கு. மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்றாவது ஆட்டத்தை நுழைக்க இரவில் இடமில்லை. வருமானத்துக்கு உச்சவரம்பு போட்டது சூரியன்தான். கட்டடத் தியேட்டர்காரர் நாலு ஆட்டம் ஓட்டிப் புதுப்படத்துக்கு அதிக வாடகை கொடுத்தார். கொட்டகைக்காரரால் அந்த வாடகை கொடுக்க முடியாது. ஆகவே படம் பழசாகி, சுருளின் ஓரத்து ஓட்டைகள் தேய்ந்து, மழைக்கோடு விழுந்த பிறகுதான் கிராமத்துக்கு வந்தது.

ஆபரேட்டர் அறைக்குள் போவோம், சுவாரசியம் அங்கேதான். கீற்றுக் கூரைக்கு நடுவில் அந்த ஒரு அறை மட்டும் செங்கல் அல்லது தகரம். படம் போகும் துளைக்கு இரும்பு மூடி. வெப்பம் ஏறினால் உருகும் ஈயக் கலவை இணைப்பு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். தீப்பிடித்தால் இணைப்பு உருகி மூடி விழும். 1950களின் தொடக்கம்வரை வந்த நைட்ரேட் படச்சுருள் எரிய ஆரம்பித்தால் தண்ணீருக்கும் அடங்காது. புகைகூட விஷம். அசிட்டேட் சுருள் வந்த பிறகு, ஒளி பாயும் சட்டமான கேட்டில் படம் மாட்டிக்கொண்டால் தீப்பற்றுவதற்குப் பதில் உருகியது. கதாநாயகி முகத்தில் பழுப்பு வட்டம் தோன்றிக் கொப்புளமாக விரியும் காட்சி பலர் நினைவில் இருக்கும். அது பாதுகாப்பான சுருளின் அடையாளம்.

ஒளி தருவது ஆர்க். இரண்டு கார்பன் குச்சிகளை நேர்மின்சாரத்தில் தொட வைத்து, மெல்ல விலக்கினால் நடுவில் சுடர் நிற்கும். ஏழு மில்லிமீட்டர் பாசிட்டிவ், ஆறு மில்லிமீட்டர் நெகட்டிவ், 40 முதல் 45 ஆம்பியர் என்பது வழக்கமான அமைப்பு. பாசிட்டிவ் வேகமாக எரியும் என்பதால் அது தடிமன். அதன் நுனியில் விழும் குழிதான் உண்மையான விளக்கு, பின்னால் உள்ள கண்ணாடி அதைத் திரட்டிப் படத்தின் மேல் பாய்ச்சும். ஆபரேட்டருடைய கண் எந்நேரமும் இந்த இடைவெளியில் இருக்க வேண்டும். குச்சி எரிந்து இடைவெளி அகன்றால் வெளிச்சம் நீலம் பாய்ந்து மங்கி அணையும். மிக நெருங்கினால் ஒளி சிவந்து, சீறல் சத்தம் வரும். குழி நடுமையம் விலகினால் திரையின் ஒரு மூலை இருட்டு. 'லைட்டு லைட்டு' என்று தரையிலிருந்து எழும் கூச்சல் கிட்டத்தட்ட எப்போதும், ஆபரேட்டர் அந்த நேரத்தில் ரீல் சுற்றிக்கொண்டிருந்தார் என்பதற்கான தகவல்.

இப்போது இடைவேளைக் கணக்கு. பதினாறாயிரம் அடிப் படம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி வீதம் மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் குறைவு. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடம். கட்டடத் தியேட்டரில் இரண்டு புரொஜக்டர் இருக்கும். சுருள் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அப்போது இரண்டாவது இயந்திரத்தின் மோட்டாரைத் தட்ட வேண்டும். ஏழு நொடி கழித்து இரண்டாவது புள்ளி, மாற்ற வேண்டிய கணம். பார்ப்பவருக்குத் தெரியாமல் கதை கைமாறிவிடும். டூரிங்காரர் பலரிடம் ஒரே இயந்திரம். இரண்டாயிரம் அடி ஸ்பூலில், அதாவது படம் சுற்றும் உருளையில், ஓட்டினால் ஏழு தடவை நிறுத்த வேண்டும். மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் பெரிதாக்கி நாலாயிரம் அடி ஸ்பூல் போட்டால் மூன்று நிறுத்தம். நாலாயிரம் அடி ஓட 44 நிமிடம். அதற்குள் ஒரு அடி நீளப் பாசிட்டிவ் குச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிந்திருக்கும். ஆக, ஸ்பூல் தீரும்போது குச்சியும் தீரும். மூன்று இடைவேளை பிறந்தது அப்படி. முறுக்கு வியாபாரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எரிந்து மிஞ்சிய இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளையும் வீசமாட்டார்கள், இரண்டை ஒட்டிச் சேர்த்து ட்ரெய்லருக்கும் ஸ்லைடுக்கும் எரிப்பார்கள்.

லென்ஸுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. கேட்டின் அகலம் 0.825 அங்குலம். அதைப் புரொஜக்டரிலிருந்து திரைவரையுள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தின் அகலம். 80 அடித் தூரத்துக்கு நாலு அங்குல லென்ஸ் என்றால் பதினாறரை அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். கீற்றுக் கொட்டகைக்கு அளவெடுத்தது போல. சினிமாஸ்கோப் இதைக் குலைத்தது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்தது. அதுவும் தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜராஜனைப் பற்றியது. அதே நாலு அங்குல லென்ஸின் முன்னால் சினிமாஸ்கோப் லென்ஸை மாட்டினால் அகலம் இருமடங்கு, 33 அடி. பனஞ்சட்டம் அவ்வளவு போகாது. ஆறு அங்குல லென்ஸ் வாங்கிச் சுருக்கினால் 22 அடி அகலம் கிடைக்கும், உயரம் ஒன்பதடிச் சொச்சமாகக் குறைந்துபோகும். 'பெரிய படம்' என்று நோட்டீஸ் போட்டுவிட்டு பழைய படத்தைவிடக் குள்ளமாகக் காட்ட வேண்டிய நிலை. சினிமாஸ்கோப் லென்ஸே வாங்காமல் ஓட்டினால் எல்லாரும் சவுக்குக் கம்பு மாதிரி ஒல்லியாக நீண்டு நிற்பார்கள்.

ஒலி பிசகுவதற்கும் காரணம் எளிது. படத்துக்குரிய ஒலி அதே பிரேமின் பக்கத்தில் இருக்காது, ஏறக்குறைய இருபது பிரேம் முன்னால் பதிந்திருக்கும். கேட்டில் படம் நின்று நின்று நகர வேண்டும், ஒலித்தலையில் ஒரே சீராக ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் படத்தைத் தளர்ச்சியாக வளைத்து விட்ட லூப்தான் இந்த முரண்பாட்டைத் தாங்குகிறது. லூப்பில் ஒன்றிரண்டு பிரேம் கூடக் குறைய இருந்தால் கண்டுபிடிக்க முடியாது. ஐந்தாறு போனால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். தேய்ந்த பிரிண்டில் ஓட்டை கிழிந்து லூப் விழுந்துவிடும், உடனே படம் குதிக்கும், பாதித் தலை கீழே, பாதிக் கால் மேலே. நிறுத்தி, லூப்பைத் திரும்ப விட்டு ஓட்டுவதே சரியான வைத்தியம். பிரேம் திருகை மட்டும் திருப்பிச் சமாளிக்கிற ஆபரேட்டர் கையில் அந்தப் பிரிண்ட் அடுத்த ஊருக்கு இன்னும் மோசமாகப் போகும். அறுந்த இடத்தில் ஜெலட்டினைச் சுரண்டிச் சிமென்ட் என்ற படப் பசையைத் தடவி ஒட்டும்போது ஒன்றிரண்டு பிரேமாவது போகும். பத்துக் கொட்டகை பார்த்த படத்தில் ஒரு பாட்டு வரியே காணாமல் போவது இப்படித்தான். ஆபரேட்டர் வேண்டுமென்றே வெட்டினார் என்ற பழி பாதி நேரம் அநியாயம். மீதிப் பாதி நேரம் நியாயம், இரண்டாம் ஆட்டம் முடிந்து அவரும் தூங்க வேண்டுமே.

கேட்டில் ஒட்டும் படிவை எஃகு பிளேடால் சுரண்டக் கூடாது. பித்தளைத் துண்டோ எலும்புத் துண்டோதான். எஃகு ஒரு கீறல் போட்டால் அதற்குப்பின் ஓடும் ஒவ்வொரு படமும் தலை முதல் கால்வரை ஒரு கோடு வாங்கிக்கொண்டு போகும்.

கீற்றுக் கூரையின் ஒலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓலை ஒலியை விழுங்கும், திறந்த பக்கங்களில் எதிரொலி எழாது. பத்துப் பதினைந்து வாட் வால்வு ஆம்பிளிஃபயரில் நூற்றுக்கணக்கான பேருக்கு வசனம் தெளிவாகக் கேட்டது. பிற்காலத்தில் தீப்பயத்தால் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட்டார்கள், பேச்சு அலறலாக மாறியது, தூறல் விழுந்தால் வசனமே இல்லை. தீப்பயம் நியாயமானதுதான். 1979இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகை எரிந்து ஏராளமானவர்கள் மாண்டார்கள். காதுக்கு நல்ல கூரை உயிருக்கு ஆகாததாக இருந்தது.

இன்ஜின் கொட்டகையிலிருந்து நூறடியாவது தள்ளி இருக்கும். சத்தம் ஒரு காரணம், எண்ணெய் இன்னொன்று. எட்டு, பத்துக் குதிரைச் சக்தி இன்ஜின், தோல் பெல்ட், 110 வோல்ட் டைனமோ, நடுவில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ் சுருள். டெல்டா இன்ஜினுக்குக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பஞ்சமில்லை, பஞ்சம் உறுதியான தரைக்குத்தான். ஈரக் களிமண்ணில் அடித்தளப் போல்ட் தளரும், இன்ஜின் ஆடும், பெல்ட் நழுவும். பெல்ட் நழுவினால் வெளிச்சம் விட்டுவிட்டு வரும், பாட்டு தள்ளாடும். பெல்ட்டின் உட்பக்கம் குங்கிலியப் பொடி தூவுவது அப்போதைக்கு ஆகும். செங்கல் மேடைதான் நிரந்தரம். கிராமத்துக்கு மின்கம்பி வந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு, மாலை ஏழு மணிக்கு ஊரே விளக்குப் போடும் நேரத்தில் கடைசிக் கம்பத்து லோ வோல்டேஜ் வேறு பாடம் நடத்தியது. பலர் இன்ஜினை விற்கவில்லை.

காகித வேலைக்கு வருவோம். 1918ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே படம் காட்டும் இடத்துக்கு லைசென்ஸ் வேண்டும். 1939இல் கேளிக்கை வரி வந்தது. 1955இல் மாநிலச் சட்டம், 1957இல் விதிகள். நிரந்தரம், அரை நிரந்தரம், டூரிங் என்று பிரிவுகள், கையில் கிடைக்கும் லைசென்ஸ் தாளின் பெயர் 'சி பாரம்'. மின் ஆய்வாளர் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்பு வாளிகள், ஆபரேட்டருக்குத் தனி உரிமம். டூரிங் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், முடிந்தால் இடம் மாற வேண்டும் அல்லது திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். சில ஊர்களில் ஒரே கொட்டகை சில ஆண்டுக்கொருமுறை சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. ரசிகர்களின் ரசனை மாறியதால் அல்ல.

இனி யாத்திரை ஊர்கள். வெளியூர்க் கூட்டம் நம்பி வாழும் ஊரில் கொட்டகைக் கணக்கு வேறு. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. பருவமழைக்கு முன்னால் வருவதால் கீற்றுக்குப் பயமில்லை. நாகூர் கந்தூரி ஹிஜ்ரி நாட்காட்டிப்படி வருவது, ஆண்டுக்குப் பதினோரு நாள் முன்னால் நகரும். ஒரு சுற்று வெயிலில் வரும், இன்னொரு சுற்று கொட்டும் மழையில் வரும். திருவிழாவை நம்பி முன்பணம் கட்டுகிறவர் பஞ்சாங்கத்தோடு பிறைக் கணக்கும் பார்க்க வேண்டும். கும்பகோணம் மகாமகம் மாசியில், வறண்ட காலம். 1945, 1956, 1968, 1980 என்று வந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை வரும் கூட்டத்துக்காகக் கட்டடம் எழுப்ப முடியாது, கீற்று போடலாம். மாயவரத்துத் துலா நீராடல் ஐப்பசியில். கூட்டம் உண்டு, மழையும் உண்டு, கீற்றுக்கு ஆகாத மாதம். இந்த ஊர்களில் இரண்டாம் ஆட்டம் நிரம்பியதற்குப் படத்தின் தரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பத்துக்குத் தரை டிக்கெட் மணல், சத்திரத்தைவிட மலிவான படுக்கை.

கடலோர ஊர்களின் தொல்லை தனி. தரங்கம்பாடி போல அலை அடிக்கும் தூரத்தில் கொட்டகை இருந்தால் உப்புக்காற்று முதலில் கண்ணாடியைத் தின்னும். ஆர்க்கின் பின்கண்ணாடியில் ரசம் புள்ளி புள்ளியாகப் போகும், ஆம்பியரைக் கூட்டினாலும் திரை வெளுக்காது. ஆட்டம் முடிந்ததும் விளக்குக் கூண்டு ஆறிய பிறகு துணி போட்டு மூடுவது கட்டாயம். கடற்கரை மணல் ஆற்று மணலைவிட நுண்மை, காற்றில் ஏறி கேட்டுக்குள் வரும். மாலைக் கடல்காற்றில் திரைத்துணி பாய் போலப் புடைத்தால் நடுப்பகுதி மட்டும் கலங்கித் தெரியும். நாலு பக்கமும் ஒரு முழத்துக்கு ஒரு கண்ணி வைத்துச் சட்டத்தோடு கயிறு கோத்து இழுக்க வேண்டும், பின்னால் ஒரு தட்டி அடைப்பும் வேண்டும்.

புயல் வருமுன் செய்கிற வேலைக்கு ஒரு வரிசை உண்டு. இயந்திரமும் ஆம்பிளிஃபயரும் முதலில் வெளியேறும். பிறகு பக்கத் தட்டிகளை அவிழ்த்துப் படுக்க வைப்பார்கள், காற்று புகுந்து வெளியேற வழி வேண்டும். அடைத்து வைத்தால் உள்ளே புகுந்த காற்று கூரையோடு கால்களையும் பிடுங்கும். நேரம் இருந்தால் கீற்றை இறக்குவார்கள். இல்லையென்றால் கட்டை அறுத்துக் கூரையைப் போகவிடுவார்கள், கால்களும் சட்டங்களும் மிஞ்சும். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 ஆகிய நாகப்பட்டினம் புயல்களுக்கு இந்த வரிசை எதுவும் போதவில்லை. தென்னையே சாய்ந்துவிட்டால் அடுத்த ஆண்டுக்குக் கீற்றும் கிடையாது.

கொட்டகையின் முடிவுக்குத் தொலைக்காட்சியைக் கைகாட்டுவது வழக்கம். 1975இல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது உண்மை, எண்பதுகளில் வாடகை வீடியோ வந்ததும் உண்மை. ஆனால் இரவில் இரண்டு ஆட்டம் மட்டும் ஓட்டக்கூடிய, பழைய பிரிண்டை மட்டும் வாங்கக்கூடிய தொழிலின் கழுத்தில் கயிறு முன்பே இருந்தது. வீட்டுக்குள் பழைய படம் வந்ததும் அது இறுகியது. தப்பியவர்கள் சுவர் வைத்து, கூரை மாற்றி, அரை நிரந்தரத்திலிருந்து நிரந்தரமானார்கள். 2010களில் படச்சுருளே நின்றுபோனபோது, தூசியும் ஈரமும் ஆகாத டிஜிட்டல் புரொஜக்டருக்குக் கீற்றுக்கடியில் இடமே இல்லை.

தன் ஊர்க் கொட்டகையின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் பெரியவர்களின் நினைவை மட்டும் நம்ப வேண்டாம். படத்தின் பெயர் நினைவிருக்கும், ஆண்டு இருக்காது. லைசென்ஸ் கோப்பு, கிராம நிலக் கணக்கான அடங்கல், மின் இணைப்பு எண் ஆகியவை தேதி சொல்லும். முதலாளி வீட்டுப் பரணில் டி.சி.ஆர். எனும் தினசரி வசூல் கணக்குத் தாள்கள் கிடைத்தால் அதுதான் புதையல். எந்த நாள், எந்தப் படம், தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, வரி எவ்வளவு என்று ஆட்டம் வாரியாக எழுதியிருக்கும். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று ஊகிக்கலாம், மாற்றத்துக்குப் பின்னும் சிலகாலம் அணாக் கணக்கே ஓடிய ஊர்கள் இருக்கக்கூடும் என்பதால் வேறொரு தாளோடு ஒத்துப் பார்ப்பது நல்லது. பெட்டியில் சுருள் ஏதும் மிஞ்சியிருந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். திறந்ததும் காடி வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடாமல், காற்றுப் படும்படி, வீட்டிலேயே குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மற்றச் சுருள்களை அதே அலமாரியில் அடுக்கக் கூடாது, அந்த ஆவி பட்டால் அவற்றின் சிதைவும் வேகமெடுக்கும்.